ரான்சம்வேர் தாக்குதலின் பின்னால் அரசு இருக்கிறதா: எடைபோட்டுப் பார்க்கும் முறை

ஒரு மருத்துவமனையோ எண்ணெய்க் குழாய் நிறுவனமோ நிதி அமைச்சகமோ ரான்சம்வேரால், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரலால், முடங்கிவிட்டது என்ற செய்தி வெளியான சில மணி நேரத்திலேயே, இதன் பின்னணியில் ரஷ்யா இருக்கிறது, வட கொரியா இருக்கிறது, ஈரான் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்தப் பேச்சு பல முறை உண்மையாகியும் இருக்கிறது. ஆனால் உண்மையான இடங்களிலும் அது நிறுவப்படுவதற்குப் பல மாதங்கள் ஆகியிருக்கின்றன, சிலவற்றில் ஆண்டுகளே கடந்துவிட்டன. இத்தகைய செய்தியைப் படிப்பவரும் எழுதுபவரும், தாக்குதலுக்கு உள்ளான நிறுவனத்தில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவரும் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

கேள்வியை முதலில் திருத்திக்கொள்ளுங்கள்

"அரசு செய்ததா, குற்றக் கும்பல் செய்ததா?" என்று கேட்டுத் தொடங்கினால் பெரும்பாலும் தவறான விடையில்தான் போய் நிற்போம், ஏனென்றால் அரசுக்கும் தாக்கியவர்களுக்கும் இடையிலான உறவு இருக்கிறது அல்லது இல்லை என்று இரண்டாகப் பிரியக்கூடியதாக இல்லை. அது பல படிகளாக இருக்கிறது. எந்தப் படி என்று தெரிந்துகொள்வதே நம் வேலை.

அரசின் படைப்பிரிவே நேரடியாகத் தாக்குவது மேல்படி. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவிய நாட்பெட்யா தாக்குதலுக்காக, ரஷ்ய ராணுவ உளவு அமைப்பான ஜிஆர்யூவின் 74455ஆம் பிரிவைச் சேர்ந்த ஆறு அதிகாரிகள் மீது அமெரிக்க நீதித்துறை 2020 அக்டோபரில் குற்றம் சாட்டியது. தாக்குதல் நடந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே பெயர்கள் வெளிவந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த படியில் வட கொரியா தனித்து நிற்கிறது. அங்கே அரசின் ஆட்களே பணத்துக்காகவும் தாக்குகிறார்கள்; வந்த பணம் மறுபடியும் உளவு வேலைக்கே போகிறது. மௌய் என்ற ரான்சம்வேரால் அமெரிக்க மருத்துவமனைகளைத் தாக்கியதாக ரிம் ஜோங் ஹ்யோக் மீது 2024 ஜூலையில் பதிவான வழக்கு இதை மிக நெருக்கத்தில் காட்டுகிறது. கான்சாஸ் மாநில மருத்துவமனை ஒன்று 2021இல் சுமார் 1 லட்சம் டாலர் கொடுத்தது. இவ்வாறு மருத்துவமனைகளிடம் பறித்த பணத்தில் ஒரு பகுதி ஹாங்காங்கைச் சேர்ந்த இடைத்தரகர்கள் வழியாகச் சீன யுவானாக மாறி, சீனாவின் டான்டாங் நகரையும் வட கொரியாவின் சினுய்ஜு நகரையும் இணைக்கும் பாலத்துக்கு மிக அருகில் இருந்த ஓர் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டதாக வழக்கு கூறுகிறது. அதே பணத்தில் வாடகைக்கு எடுத்த சர்வர்களைக் கொண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நிறுவனங்களுக்குள் ஊடுருவினார்கள். இங்கே பணமா, அரசியலா என்று பிரித்துக் கேட்பதில் பொருளே இல்லை.

மூன்றாவது படியில், கும்பல் தன் கொள்ளையை நடத்திக்கொண்டே உளவுத்துறைக்கும் வேலை செய்து கொடுக்கிறது. ஈவில் கார்ப் என்ற ரஷ்ய ரான்சம்வேர் கும்பலின் தலைவர் மாக்சிம் யாகுபெட்ஸ் 2017 நிலவரப்படி ரஷ்யாவின் உள்நாட்டு உளவு அமைப்பான எஃப்எஸ்பிக்காக வேலை செய்து வந்ததாக அமெரிக்க நிதித்துறை 2019 டிசம்பரில் பொருளாதாரத் தடை அறிவித்தபோதே குறிப்பிட்டது. அவருடைய மாமனார் எட்வர்ட் பெண்டெர்ஸ்கி எஃப்எஸ்பியின் முன்னாள் அதிகாரி என்றும், அவர் மூலம் இந்தக் கும்பலுக்குப் பாதுகாப்பும் உளவுப் பணிகளும் கிடைத்தன என்றும் பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை 2024 அக்டோபரில் விரிவாகச் சொன்னது. மாமனார்-மருமகன் உறவு அரசாங்க உறவாகவும் ஆகிவிட்ட கதை இது.

இதையே தலைகீழாகப் புரட்டிப் போட்ட வடிவமும் உண்டு. என் பார்வையில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபாக்ஸ் கிட்டன் என்று அழைக்கப்படும் ஈரானியக் குழு அரசுக்காக உளவு பார்க்கிறது. பக்கவாட்டில், தான் நுழைந்து வைத்திருக்கும் நெட்வொர்க்குகளை ஆல்ஃப்வி, நோஎஸ்கேப், ரான்சம்ஹவுஸ் போன்ற ரான்சம்வேர் கும்பல்களின் கூட்டாளிகளுக்குத் திறந்துவிட்டுப் பங்கு வாங்கிக்கொள்கிறது. 2024 ஆகஸ்டில் எஃப்பிஐ உள்ளிட்ட அமைப்புகள் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பு, இந்தப் பக்கத் தொழிலுக்கு ஈரான் அரசின் ஒப்புதல் பெரும்பாலும் இல்லை என்று மதிப்பிட்டது. அதற்குச் சொன்ன காரணம் சுவையானது: தங்கள் கிரிப்டோ பணப் பரிமாற்றத்தை ஈரான் அரசே கண்காணித்துவிடுமோ என்று அவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஆக, ஆட்கள் அரசின் ஆட்கள்தான், ஆனால் தாக்குதல் அரசின் தாக்குதலாக இல்லாமல் போகலாம்.

நான்காவது படி, கண்டும் காணாமல் விடுவது. 2021 மே மாதம் கொலோனியல் பைப்லைன் என்ற அமெரிக்க எண்ணெய்க் குழாய் நிறுவனத்தை முடக்கி 75 பிட்காயின் பறித்த டார்க்சைட் குழு, தாங்கள் அரசியல் சார்பற்றவர்கள், தங்கள் நோக்கம் பணம் மட்டுமே என்று அறிக்கை விட்டது. அதை முழுப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ரஷ்ய அரசு இதில் ஈடுபட்டதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் தாக்கியவர்கள் ரஷ்யாவில் இருப்பதற்கு ஆதாரம் இருக்கிறது, எனவே இதைக் கையாளும் பொறுப்பு ரஷ்யாவுக்கும் ஓரளவு உண்டு என்றுதான் அதிபர் பைடனும் பேசினார். ரஷ்யாவின் அரசியல் சட்டம் தன் குடிமக்களை வேறு நாட்டிடம் ஒப்படைப்பதைத் தடை செய்கிறது. உள்நாட்டில் கைவைக்காதவரை தொல்லை இல்லை என்ற எழுதப்படாத உடன்பாட்டோடு அந்தச் சட்டமும் சேரும்போது, ஆணையே இடாமல் ஓர் அரசு தாக்குதலுக்கு வசதி செய்து கொடுத்துவிடுகிறது.

கீழ்ப்படியில் எதுவுமே இல்லை. அட்லாண்டா நகர நிர்வாகத்தை முடக்கிய சாம்சாம் ரான்சம்வேர் தொடர்பாக 2018 நவம்பரில் இரண்டு ஈரானியர்கள் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியபோது, அவர்கள் ஈரான் அரசுக்காகச் செய்தார்கள் என்று குற்றப்பத்திரிகை சொல்லவில்லை. ஒருவருடைய நாடு எது என்பது, அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதற்குச் சான்றாகாது.

பணம் வந்து சேர வழி இருக்கிறதா என்று பாருங்கள்

வெளியில் இருப்பவர் கையில் கிடைக்கும் சோதனைகளில் இதுவே வலுவானது. பணத்துக்காகத் தாக்குபவர், பணம் கட்டியவர் யார் என்று அடையாளம் காணவும், பூட்டிய கோப்புகளைத் திறக்கும் திறவுகோலை அவருக்கு அனுப்பவும் ஓர் ஏற்பாடு வைத்திருப்பார். பேரம் பேச ஆள் இருப்பார். கட்டினால் கோப்பு திரும்பும் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்வார். அந்த ஏற்பாடே இல்லை என்றால், மிரட்டல் திரை வேறு எதையோ மறைக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

நாட்பெட்யாவின் திரை 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது; பிறகு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு எழுதி, திரையில் தெரியும் நீண்ட அடையாளக் குறியீட்டைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னது. அந்த முகவரியை ஜெர்மனியின் மின்னஞ்சல் நிறுவனம் அதே நாளில் முடக்கிவிட்டது. முடக்காமல் இருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் அந்தக் குறியீடு வெறுமனே தாறுமாறாக உருவாக்கப்பட்ட எழுத்துகள் என்றும், அதிலிருந்து எந்தத் திறவுகோலையும் பெற முடியாது என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். கேட்டது 300 டாலர். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்குக்கு மட்டும் ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 30 கோடி டாலர். உலகம் முழுவதும் சேர்ந்து சுமார் 1,000 கோடி டாலர் என்பது வெள்ளை மாளிகையின் மதிப்பீடு. 2022 ஜனவரியில், போருக்குச் சில வாரங்கள் முன்பு, உக்ரைன் அரசுக் கணினிகளில் கிடைத்த விஸ்பர்கேட் நிரலும் இதே வகை. 10,000 டாலர் கேட்டுவிட்டு, கணினி தொடங்குவதற்குத் தேவையான பகுதியையே மேலெழுதி அழித்தது.

இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும் என்பதை நினைவில் வையுங்கள். பணம் வாங்கும் ஏற்பாடு இல்லாதது அரசியல் நோக்கத்துக்கான வலுவான குறிப்பு. ஏற்பாடு ஒழுங்காக இருப்பது அரசின் கை இல்லை என்பதற்கு நிரூபணமாகாது. வட கொரியர்கள் பணத்தை ஒழுங்காகவே வாங்கிக்கொண்டார்கள். மேலும், வெறும் திறமையின்மையாலும் ஏற்பாடு பாழாகலாம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி 150 நாடுகளைத் தொட்ட வான்னக்ரை, மூன்றே பிட்காயின் முகவரிகளை எல்லோருக்கும் பொதுவாகக் காட்டியதால், யார் கட்டினார் என்று தானாகப் பிரித்தறிய அதனால் முடியவில்லை. அது குழப்பம் விளைவிக்கும் திட்டமா, பணம் பறிக்கும் திட்டம் கைமீறிப் போனதா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. வட கொரியாவின் வேலை என்று அமெரிக்கா அறிவித்தது அந்த ஆண்டு டிசம்பரில்.

பேரம் நடக்கும் தாக்குதலிலும் ஒரு மறைப்பு இருக்கலாம். உளவு பார்த்து முடித்தவர்கள் கடைசியில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் போனால், தடயங்கள் அழிவதோடு, விசாரணையும் சாதாரணக் கொள்ளை என்ற பாதையில் திரும்பிவிடும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை முடங்கிய நிகழ்வில், சீனாவோடு தொடர்புபடுத்தப்படும் காமெல்கேங் குழு இருந்திருக்கலாம் என்று சென்டினல்ஒன் நிறுவனத்தின் ஆய்வு 2024இல் ஐயம் தெரிவித்தது. ஐயம் என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாளையும் இலக்கையும் சேர்த்துப் படியுங்கள்

நாட்பெட்யா வெடித்தது உக்ரைனின் அரசியல் சட்ட நாளுக்கு முந்தைய நாள். அது நுழைந்த வழி, உக்ரைனில் வரிக் கணக்குக்காகப் பரவலாகப் பயன்பட்ட எம்.இ.டாக் மென்பொருளின் அப்டேட். 2022 அக்டோபரில் உக்ரைன், போலந்து நாடுகளின் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களைத் தாக்கிய ப்ரெஸ்டீஜ் ரான்சம்வேரை அதே ஜிஆர்யூ பிரிவோடு மைக்ரோசாஃப்ட் இணைத்தது. உக்ரைனுக்குச் செல்லும் உதவிப் பொருட்களின் பாதை அது.

சில இடங்களில் மிரட்டல் கடிதமே காட்டிக்கொடுத்துவிடும். 2022 ஜூலையில் அல்பேனிய அரசின் இணையச் சேவைகள் முடங்கியபோது விடப்பட்ட குறிப்பு, தங்கள் வரிப்பணத்தை டுரெஸ் பயங்கரவாதிகளுக்காக ஏன் செலவிட வேண்டும் என்று கேட்டது. ஈரானிய எதிர்ப்பு அமைப்பான எம்இகே முகாமிட்டிருப்பது டுரெஸ் பகுதியில். அந்த மாதக் கடைசியில் அங்கே அவர்களுடைய மாநாடு நடக்கவிருந்தது. கோப்புகளைப் பூட்டும் நிரலோடு அழிக்கும் நிரலும் அனுப்பப்பட்டிருந்தது. செப்டம்பர் 7 அன்று அல்பேனியா ஈரானுடனான தூதரக உறவையே முறித்துக்கொண்டது.

ஆனால் அரசியல் முழக்கம் கேட்டாலே அரசு என்று முடிவு கட்டினால் கோஸ்டாரிகா நம்மைத் திணறடிக்கும். 2022 ஏப்ரலில் அந்நாட்டு நிதி அமைச்சகத்தைத் தாக்கிய கான்டி குழு முதலில் 1 கோடி டாலர், பிறகு 2 கோடி டாலர் கேட்டதுடன், அரசைக் கவிழ்ப்போம் என்றும் எழுதியது. புதிதாகப் பதவியேற்ற அதிபர் ரோட்ரிகோ சாவெஸ் மே 8 அன்று தேசிய அவசரநிலை அறிவித்தார். அதே கான்டி பிப்ரவரி 25 அன்று ரஷ்ய அரசுக்கு முழு ஆதரவு என்று முழங்கி, சில மணி நேரத்தில் எந்த அரசோடும் கூட்டு இல்லை என்று குரலைத் தணித்துக்கொண்ட குழு. அடுத்த சில நாட்களில் கசிந்த அதன் உள் உரையாடல்களில் எஃப்எஸ்பியோடு தொடர்பு பற்றிய பேச்சு இருந்தது. கூடவே சம்பளம், விடுப்பு, ஆள் பற்றாக்குறை பற்றிய பேச்சு அதைவிட ஏராளமாக இருந்தது. கோஸ்டாரிகாவில் காட்டிய வீராப்பு, கடையை மூடும் முன் நடத்திய விளம்பரம் என்று கருதிய ஆய்வாளர்களும் உண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

தனித்தனி நிகழ்வுகளில் தெரியாத போக்கு, தொகுத்துப் பார்க்கும்போது தெரியலாம். 2019 மே முதல் 2022 மே வரை கும்பல்களின் கசிவுத் தளங்களில், அதாவது பணம் கட்டாதவர்களை அவை அம்பலப்படுத்தும் இணையதளங்களில், பெயர் வந்த 4,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், சில பெரிய ஜனநாயக நாடுகளில் தேர்தலுக்கு முன் ரஷ்யாவிலிருந்து இயங்கும் குழுக்களின் தாக்குதல்கள் கூடுவதையும், பிற இடங்களிலிருந்து இயங்கும் குழுக்களிடம் அத்தகைய ஏற்றம் தென்படாததையும் கண்டார்கள். இதைப் படிக்கும்போது, உடனடியாகப் பணம் கட்டியவர்களின் பெயர் அந்தத் தளங்களில் பொதுவாக வராது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். இதேபோல், 2021இல் ரான்சம்வேர் வருவாயில் சுமார் 74% ரஷ்யாவோடு தொடர்புடைய குழுக்களுக்குப் போனதாகச் செயினாலிசிஸ் நிறுவனம் கணக்கிட்டது. முன்னாள் சோவியத் நாடுகளின் கணினிகளைத் தவிர்க்கும் நிரல்களையும் அந்தத் தொடர்பில் சேர்த்தே அது கணக்கிட்டது. எண்ணைப் பார்க்கும் முன், அதற்குள் எதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

நிரலில் கிடைக்கும் தடயத்துக்கு அளவோடு மதிப்பு கொடுங்கள்

கணினியின் மொழி அமைப்பு ரஷ்ய மொழியாக இருந்தால் இயங்காமல் நின்றுவிடும் ரான்சம்வேர்கள் பல. எழுதியவர்கள் எந்த நாட்டுக் காவல்துறைக்குப் பயப்படுகிறார்கள் என்பதை அது காட்டுகிறது. யாருடைய ஆணை என்பதைக் காட்டாது. வான்னக்ரையின் ஒரு பகுதி வட கொரிய லாசரஸ் குழுவின் பழைய நிரலோடு பொருந்துவதை கூகுளின் நீல் மேத்தா சில நாட்களிலேயே சுட்டிக்காட்டினார். அது விசாரணையின் தொடக்கமாக அமைந்தது. ஆனால் 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கைத் தாக்கிய அழிப்பு நிரலில், லாசரஸின் அடையாளத்தை வேண்டுமென்றே பதித்து வைத்திருந்தார்கள் என்பதை காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பின்னர் அந்தத் தாக்குதலுக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஜிஆர்யூ அதிகாரிகள்.

யார் சொல்கிறார்கள், எதை முன்வைத்துச் சொல்கிறார்கள்

பெயர் சொல்லாத அதிகாரியின் கூற்று, பாதுகாப்பு நிறுவனத்தின் அறிக்கை, பல அரசுகளின் கூட்டறிக்கை, பொருளாதாரத் தடை ஆணை, குற்றப்பத்திரிகை என்று எடை கூடிக்கொண்டே போகும். குற்றப்பத்திரிகையில் ஆள், நாள், பணம் போன பாதை ஆகியவை இருக்கும். நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயமும் இருக்கும். எனினும் குற்றம் சாட்டப்பட்டவர் வேறு நாட்டில் பாதுகாப்பாக இருக்கும்போது அந்த மெய்ப்பித்தல் நடக்காமலே போகலாம் என்பதால், "குற்றம் சாட்டியுள்ளது" என்றே எழுத வேண்டும். உளவு அமைப்புகள் "மிதமான நம்பிக்கை", "உயர்ந்த நம்பிக்கை" என்று தரம் பிரித்துச் சொன்னால் அந்தத் தரத்தைச் செய்தியில் விட்டுவிடக் கூடாது.

கைதுகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2022 ஜனவரி 14 அன்று, அமெரிக்காவின் வேண்டுகோளின்படி ஆர்ஈவில் என்ற ரான்சம்வேர் குழுவைச் சேர்ந்த 14 பேர் மீது நடவடிக்கை எடுத்ததாக எஃப்எஸ்பி அறிவித்தது. உக்ரைன் எல்லையில் படை குவிந்திருந்த வாரங்கள் அவை. கும்பல் யார், எங்கே இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும் என்பதை அந்த நடவடிக்கை உறுதிப்படுத்தியது. இத்தனை நாள் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை.

தாக்கப்பட்டது உங்கள் நிறுவனமாக இருந்தால்

அரசியல் பின்னணியை ஆராய்வது வேலையற்றவர் வேலை என்று தோன்றலாம். உண்மையில் பணம் கட்டலாமா என்ற முதல் முடிவே அதைச் சார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடைப்பட்டியலில் உள்ள குழுவுக்குப் பணம் போய்ச் சேர்ந்தால், கட்டியவருக்கு அது தெரியாமல் இருந்தாலும் அபராதம் விதிக்க முடியும் என்று அமெரிக்க நிதித்துறை 2020லும் 2021லும் எச்சரித்திருக்கிறது. தடைக்குப் பிறகு ஈவில் கார்ப் தன் ரான்சம்வேரின் பெயரை வேஸ்டெட்லாக்கர், ஹேடிஸ் என்று மாற்றிக்கொண்டே போனது இதைத் தாண்டிச் செல்லத்தான். ஆகவே திரையில் தெரியும் பெயரை நம்பிப் பட்டியலில் தேடினால் போதாது. தடயவியல் குழுவிடம் நுழைந்த முறை, பயன்படுத்திய கருவிகள், பணப்பை முகவரிகள் ஆகியவற்றை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக, கணினிகளைச் சுத்தம் செய்து மீண்டும் நிறுவும் முன் அவற்றின் வட்டுப் பிரதியையும் லாக் கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் தனியே பாதுகாத்து வைப்பது அவசியம். அழிப்பு நிரல் என்று ஐயம் வந்தால் பேரம் பேசி நேரத்தை வீணாக்காமல், பேக்கப்பிலிருந்து மீட்கும் வேலையில் இறங்குவதே சரி.

காப்பீட்டு ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். நாட்பெட்யாவால் பாதிக்கப்பட்ட மெர்க் மருந்து நிறுவனம் 140 கோடி டாலர் கோரியபோது, இது போர்ச் செயல், ஆகவே தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. பழைய போர் விலக்கு ஷரத்து இதற்குப் பொருந்தாது என்று நியூஜெர்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 மே மாதம் அதை உறுதி செய்தது, 2024 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. அதற்குள் காப்பீட்டுச் சந்தை விழித்துக்கொண்டது. 2023 மார்ச் 31 முதல் எழுதப்படும் தனி சைபர் காப்பீடுகளில் அரசு ஆதரவு பெற்ற தாக்குதல்களுக்கு விலக்கு ஷரத்து இருக்க வேண்டும் என்றும், தாக்குதல் எந்த அரசுடையது என்பதை எந்த அடிப்படையில் தீர்மானிப்பது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும் என்றும் காப்பீட்டுச் சந்தையான லண்டன் லாயிட்ஸ் கட்டளையிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்தத் தீர்மானத்தை யார் எடுப்பதாக எழுதியிருக்கிறது, மெய்ப்பிக்கும் பொறுப்பு யார் மேல் இருக்கிறது, கண்டும் காணாமல் விடும் அரசு "ஆதரவு" என்ற வரையறைக்குள் வருகிறதா என்பதைக் கையெழுத்திடும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.